விழுந்த வளைவைப் பழைய கல்லாலேயே திரும்பக் கட்டலாமோ? முருகைக்கல் ஆப்புகளின் கணக்கு

காரைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் காரைநகரில எங்கட அம்மம்மாவின்ர பழைய வீடு இருக்கு. முன்விறாந்தையில வரிசையா மூண்டு ஆர்ச், எல்லாம் முருகைக்கல்லும் (கடல்ல எடுத்த பவளப்பாறைக் கல்லு) சுண்ணாம்பும். போன மாரியில கிழக்குப் பக்கத்து ஆர்ச் அப்படியே கொட்டுப்பட்டுப் போச்சுது. நல்ல காலம், அந்த நேரம் விறாந்தையில ஒருத்தரும் இல்லை.

மேசன் வந்து பார்த்திட்டு, வாசலுக்கு மேல கொங்கிறீற் லிண்டல் (உத்திரம்) ஒண்டு போட்டு, அதுக்குக் கீழ ஆர்ச் மாதிரி சீமெந்தால இழுத்து விடலாம் எண்டு சொல்லுறார். எனக்கு மனம் வரேல்லை. விழுந்த கல்லுகளைக் கழுவி அடுக்கிப் பார்த்தன். மொத்தம் 15 ஆப்புக்கல்லு, அதில 11 முழுசா இருக்கு, 4 உடைஞ்சு போச்சு. ஒவ்வொண்டும் ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கம். அகலப் பக்கம் 11 அங்குலம் 7 நூல் (8 நூல் ஒரு அங்குலம்), ஒடுங்கின பக்கம் 9 அங்குலம் 6 நூல், உயரம் 10 அங்குலம். வாசலின்ர அகலம் 8 அடி.

இதுகளை வைச்சே திரும்பக் கட்ட ஏலாதா? உடைஞ்ச நாலுக்கும் புதுக்கல்லு வெட்டுறதெண்டால் எந்தக் கோணத்தில வெட்டுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மூலைமட்டம்

பிள்ளை, நீங்கள் ஒரு கல்லை அளந்த அளவிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. நான் முப்பது வருடம் பாடசாலையில் வரைதல் படிப்பித்தவன், ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வளைவில் இருக்கும் ஒவ்வொரு கல்லின் இரண்டு பக்கக் கோடுகளையும் நீட்டினால் அவை வட்டத்தின் நடுப்புள்ளியில் சந்திக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு கல் கையில் இருந்தாலும் முழு வட்டத்தையும் மீட்டுவிடலாம். கணக்கு, வடிவொத்த முக்கோணம்தான். ஒடுங்கிய அகலத்தைக் கல்லின் உயரத்தால் பெருக்கி, இரண்டு அகலங்களின் வித்தியாசத்தால் பிரித்தால் உள்வளைவின் ஆரை வரும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து இரண்டு நூல் இருந்திருக்கும். அதையும் கூட்டினால் அகலங்கள் 12 அங்குலம் 1 நூல், 10 அங்குலம். பத்தைப் பத்தால் பெருக்கி இரண்டேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவான எண்ணால் பிரித்தால் 47 அங்குலம் வருகிறது. உங்கள் வாசல் 8 அடி என்றால் அரைவாசி 48. ஒரு அங்குல வித்தியாசம், தேய்ந்த கல்லை அளக்கும்போது வரும் பிழைக்குள் அடங்கும். ஆகவே அது முழு அரைவட்டம்.

அரைவட்டம் 180 பாகை. 15 கல்லுக்குப் பங்கிட்டால் ஒரு கல்லுக்கு 12 பாகை. கல்லின் அடி நாணுக்கும் பக்கத்துக்கும் இடையில் 96 பாகை, மேல் நாணில் 84. மடக்கு மட்டத்தை ஒருமுறை இந்தக் கோணத்துக்கு வைத்து இறுக்கிவிட்டால் பதினைந்து கல்லுக்கும் அது போதும். அரைவட்டம் மேசன்மாருக்குப் பிடித்த வடிவமாக இருந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பேன். ஒரு அச்சுப்பலகையிலேயே வேலை முடியும்.

தீவான்

ஐயா சொன்னது சரி. ஆனா ஒரு திருத்தம், கோவிக்காதேங்கோ. எங்கட அப்பு நெடுந்தீவில கல்லுவேலை செய்தவர். அவர் எல்லாக் கல்லையும் ஒரே அகலத்துக்கு வெட்டினதை நான் காணேல்லை. கடல்கல்லு கிடைக்கிற அளவிலதான் கிடைக்கும். ஒண்டு எட்டு அங்குலம், அடுத்தது பதினொண்டு. அவருக்கு முக்கியம் பக்கக்கோடு ரெண்டும் நடுவுக்குப் போகவேணும், அவ்வளவுதான். நடுவில ஒரு ஆணி அடிச்சுக் கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லிலும் கயிறைப் பிடிச்சுப் பார்த்துச் செதுக்குவார்.

இன்னொண்டு. இதே வேலையைத்தான் எங்கட ஆக்கள் கிணத்துக் கட்டிலயும் செய்தவை. வட்டக் கிணறு எண்டுறது என்ன? படுக்கப் போட்ட ஆர்ச். மண் சுத்திவர நெருக்கும், ஆப்புக்கல்லுகள் ஒண்டை ஒண்டு இறுக்கும். அதுக்குச் சென்ரறிங் (கட்டி முடியுமட்டும் கல்லைத் தாங்கிற மரச்சட்டம்) தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். யாழ்ப்பாணத்தில கிணறு கட்டத் தெரிஞ்ச மேசனுக்கு ஆர்ச் கல்லு வெட்டக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மூலைமட்டம்

கோபமில்லைத் தம்பி, அது நல்ல திருத்தம். அகலம் மாறலாம், கோடு மாறக்கூடாது. கிணற்று உதாரணம் நான் இதுவரை யோசித்ததில்லை.

உளிமுனை

வணக்கம், பிரான்சில பாரிஸ் நகரத்தில இருந்து எழுதுறன். சொந்த ஊர் சாவகச்சேரி. இஞ்ச பதினொரு வருஷமா பழைய கட்டடங்களின்ர கல்லுச் சீரமைப்பு வேலை. முதல் ரெண்டு வருஷம் கல்லுத் தூக்கினன், பேந்து வெட்டப் பழகினன். இந்த இழையைக் கண்டதும் நித்திரை கொள்ள மனமில்லை.

தங்கச்சி, கல்லில கை வைக்க முதல் ஒரு கேள்வி. ஆர்ச் ஏன் விழுந்தது? 11 கல்லு முழுசா இருக்கெண்டால் கல்லு நசிஞ்சு விழேல்லை. விழுறதுக்கு முதல் வெடிப்பு ஏதும் கண்டனீங்களோ? கண்டிருந்தால் எந்த இடத்தில, மேல்பக்கமோ அடிப்பக்கமோ? அந்தப் பக்கத்தில முந்தி ஏதும் சுவர் இருந்து இடிச்சதோ?

காரைக்காற்று

ஓம் அண்ணை, இருந்தது! கிழக்குப் பக்கம் ஒரு சின்ன அறை. மாமா வாகனம் விட எண்டு அஞ்சு வருஷத்துக்கு முதல் அதை இடிச்சவர். இப்ப கடைசித் தூண் தனிய நிக்குது, 18 அங்குலத் தடிப்பு. வெடிப்பும் இருந்தது. உச்சியில, கீழ நிண்டு அண்ணாந்து பார்த்தால் தெரியும். அம்மா சுண்ணாம்பு வைச்சு அடைச்சவ, திரும்பவும் விட்டிட்டுது.

உளிமுனை

அப்ப விசயம் விளங்கீட்டுது. கல்லில பிழையில்லை, காலிலதான் பிழை.

ஆர்ச் எண்டுறது கீழ மட்டும் பாரம் இறக்கிறதில்லை, பக்கத்துக்கும் உதைக்கும். மூண்டு ஆர்ச் வரிசையா நிண்டால் நடுத்தூண்களில ரெண்டு பக்க உதையும் ஒண்டை ஒண்டு சரிக்கட்டும். கடைசித் தூணுக்கு அந்த உதவி இல்லை. அதுக்கு அந்த அறைச்சுவர்தான் தோள் குடுத்துக்கொண்டு நிண்டது. சுவர் போனதும் தூண் நூல் நூலா வெளியால சாய்ஞ்சிருக்கு. கால் விலகினால் உச்சியில அடிப்பக்கம் வாய் திறக்கும், ரெண்டு தோளிலயும் (உச்சிக்கும் காலுக்கும் இடைப்பட்ட இடம்) மேல்பக்கம் வாய் திறக்கும். நீங்கள் கண்டது அதில முதலாவது.

பழைய மேசன்மாரிட்ட இதுக்கு ஒரு கோடு இருந்தது. டெரான் எண்ட யேசுசபைத் துறவி 1643ல வளைவுக்கூரைகளைப் பற்றி எழுதின புத்தகத்தில அதை அச்சில போட்டவர். அரைவட்டத்தை மூண்டு சம வில்லாப் பிரியுங்கோ. வளைவு தொடங்கிற புள்ளியில இருந்து முதல் பிரிவுப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு கீறுங்கோ. அதே கோட்டை அதே நீளத்துக்குக் கீழ, வெளிப்பக்கமா நீட்டுங்கோ. நுனி எவ்வளவு தூரம் வெளியால போகுதோ அவ்வளவு தடிப்புச் சுவர் வேணும். அரைவட்டத்துக்கு அது எப்பவும் வாசல் அகலத்தில காற்பங்கு. உங்கட 8 அடிக்கு 2 அடி. உங்களிட்ட இருக்கிறது ஒண்டரை.

கூர்வளைவுக்கு இதே கோட்டைக் கீறினால் சுவர் மெலியும், தட்டை வளைவுக்குத் தடிக்கும். உதையும் அப்படித்தான் கூடிக் குறையும். ஒரு கவராயமும் ஒரு பலகையும் இருந்தால் எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளும் செய்யலாம். எனக்கு இந்த வேலையில ஆகப் பிடிச்ச கோடு இதுதான்.

மூலைமட்டம்

சரிபார்த்தேன்: நாணின் கிடைநீளம் ஆரையில் பாதி, ஆகவே அகலத்தில் கால். அழகாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கோட்டில் தூணின் உயரம் எங்கும் வரவில்லை. உயரமான மெல்லிய தூணுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. தூணின் மேல் இறங்கும் பாரம் கூடினால் அது சாய்வைத் தடுக்கும் என்பதையும் கோடு சொல்லாது.

வளையத்தின் தடிப்பையும் பார்த்துவிடுவோம். 1675ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிவியலாளர் சொன்ன கருத்து: தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் வளைவு நிற்கும் வடிவம் கிடைக்கும். அரைவட்டம் அந்தச் சங்கிலி வடிவம் அல்ல. ஆனால் கல்லின் தடிப்புக்குள் அப்படி ஒரு கோட்டை எங்காவது கீற முடிந்தால் வளைவு நிற்கும். தன் பாரத்தை மட்டும் சுமக்கும் அரைவட்டத்துக்குத் தடிப்பு, நடுக்கோட்டு ஆரையில் பத்தில் ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் நடுக்கோட்டு ஆரை 53 அங்குலம், ஏறக்குறைய 6 அங்குலம் போதும். அப்பு பாட்டன்மார் 10 வைத்திருக்கிறார்கள். வளையம் தாராளம்.

சுதுமலையான்

ஒரு சந்தேகம். எல்லாரும் ஆப்புக்கல்லு எண்டுறியள். உச்சியில இருக்கிற நடுக்கல்லுதானே முழு ஆர்ச்சையும் தாங்குது? அதை மட்டும் கருங்கல்லில போட்டு, மிச்சத்தைச் சீமெந்தால ஒட்டி, உள்ளுக்கு ஒரு கம்பியும் விட்டால் என்ன?

உளிமுனை

அண்ணை, நடுக்கல்லு கடைசியா வைக்கிற கல்லு, அதாலதான் அதுக்கு அவ்வளவு புகழ். மற்றப்படி எந்தக் கல்லை எடுத்தாலும் ஆர்ச் விழும். உச்சியில கல்லுக்குள்ள வாற நெருக்கம் உண்மையில ஆகக் குறைவு, காலடியிலதான் கூட.

கம்பி வேண்டவே வேண்டாம். காரைநகர் உப்புக்காத்து. கல்லுக்குள்ள இருக்கிற இரும்பு துருப்பிடிச்சு வீங்கும், முருகைக்கல்லைப் பிளந்துபோடும். நான் இஞ்ச சீர்செய்யிற வெடிச்ச கல்லில கனக்க, நூறு வருஷத்துக்கு முதல் ஆரோ நல்லெண்ணத்தில வைச்ச இரும்பாலதான் வெடிச்சது. இரும்பு போடவேணுமெண்டால் ரெண்டு காலையும் இணைச்சு வெளியால தெரியிற இழுவைக்கம்பி போடலாம். அதைப் பார்க்கலாம், பெயின்ற் அடிக்கலாம், மாத்தலாம்.

தீவான்

சீமெந்தும் வேண்டாம். முருகைக்கல்லைவிடச் சீமெந்து கடினம். கட்டடம் கொஞ்சம் அசைஞ்சால் சுண்ணாம்பு மூட்டு இளகிக்குடுக்கும், சீமெந்து குடுக்காது, கல்லுத்தான் வெடிக்கும். ஈரமும் கல்லுக்குள்ளயே நிண்டுபோடும்.

புதுக் கல்லுக்குக் கடலுக்குப் போகேலாது, முருகைக்கல்லு எடுக்கிறது சட்டப்படி தடை. அது சரியான தடைதான், கரையைக் கடல் தின்னுறதை நாங்கள் கண்ணால பார்க்கிறம். இடிச்ச அறையின்ர கல்லு எங்க, தங்கச்சி?

காரைக்காற்று

வளவுப் பின்பக்கம் குவிச்சுக் கிடக்கு அண்ணை. மேல பூசணிக்கொடி படர்ந்திருக்கு.

தீவான்

அப்ப நாலு கல்லு அதுக்குள்ள இருக்கு. ஒண்டு கவனம்: கடல்ல இருந்து எடுத்த உடன முருகைக்கல்லு மெது, வாளாலயும் அறுக்கலாம். காய்ஞ்சால் இறுகிப்போகும். அது காலங்காலமா வெயில் குடிச்ச கல்லு. அவசரப்பட்டுக் கொத்தினால் மூலை பறக்கும். முதல் நாலு பக்கமும் உளியால கோடு இறக்கி, பேந்து நடுவை எடுக்கச் சொல்லுங்கோ.

நல்லூர்ப்பக்கம்

இடையில வாறதுக்கு மன்னிக்கவேணும். ஆர்ச்சுக்கு ஒரு வட்டம் போதுமெண்டு விளங்குது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள போற வாசல் குகை மாதிரி நீளமா வளைஞ்ச கூரையோட இருக்கே, அதுமாதிரி ரெண்டு கூரை குறுக்க சந்திச்சால் மூலையில வாற கோடு என்ன கோடு? நான் சிவில் டிப்ளோமா படிக்கிறன். கணினியில கீறினால் வருது, ஏனெண்டு விளங்கேல்லை.

மூலைமட்டம்

மகனே, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இணையத்தில் காத்திருக்கிறேன்.

ஒரே அளவான இரண்டு அரைவட்டக் கூரைகள் செங்குத்தாகச் சந்தித்தால், மூலைவிட்டத்தில் வருவது அரை நீள்வட்டம். பத்தடிச் சதுர அறை என்று வை. பக்கத்தில் அகலம் 10, உயரம் 5. மூலைவிட்டத்தில் அகலம் 14 அடிக்குச் சற்றுக் கூட, உயரம் அதே 5. உயரம் மாறாமல் அகலம் மட்டும் இழுபட்ட வட்டம் நீள்வட்டம்தானே.

கணினி இல்லாமல் கீறும் முறை: அரைவட்டத்தை வரைந்து, அடிக்கோட்டில் ஒவ்வொரு அரை அடிக்கும் செங்குத்து எழுப்பு. அந்தச் செங்குத்துகளைத் தரைப்படத்தின் மூலைவிட்டம் வரை நீட்டு. அங்கே, மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, அதே உயரங்களைக் குறி. புள்ளிகளைச் சேர். தரைப்படம், முகப்படம், வெட்டுப்படம் மூன்றும் ஒரே தாளில் பேசிக்கொள்ளும்.

மோன்ஞ் என்ற பிரெஞ்சுக் கணிதர் இதை 1790களில் 'விவரண வடிவகணிதம்' என்ற பாடமாக ஆக்கினார். அவர் மெசியேர் என்ற ஊரில் இராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தவர். கோட்டை கட்டும் கணக்கும் கல் வெட்டும் படமும் அவருக்கு அங்கேயே பழக்கம். நாங்கள் இன்று பள்ளியில் கீறும் முகப்படம், கிடைப்படம் எல்லாவற்றுக்கும் ஒரு வேர் கொத்தன்மாரின் தரையில் இருக்கிறது.

உளிமுனை

ஐயா சொன்ன அந்த மூலைக் கல்லை வெட்டுறதுதான் சோதனை. ஒரு கல்லிலயே ரெண்டு கூரையின்ர வளைவும் இருக்கும், நடுவில அந்த நீள்வட்டக் கோடு மேடா ஓடும். ரெண்டு கல்லை ஒட்டி மூலை செய்யேலாது, மூட்டு சரியா அந்தக் கோட்டில வந்தால் பிளந்துவிடும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, பெரிய சதுரக் கல்லை எடுத்து, முகப்படத்தை ஒரு பக்கத்தில கீறி வெட்டி, பேந்து மற்றப் பக்கத்தில கீறி வெட்டுறது. பிழை விடுறது குறைவு, ஆனா பாதிக் கல்லு தூளாப் போகும். மற்றது, கல்லின்ர ஒவ்வொரு முகத்தையும் விரிச்சுப் பலகையில அச்சு எடுத்து, அச்சுகளையும் மடக்கு மட்டத்தையும் வைச்சு நேரா அந்த வடிவத்துக்கு இறங்கிறது. கல்லு மிச்சம், மூளை செலவு. இஞ்ச அந்த அச்சுக்குப் பேர் 'பனோ', தரையில முழு அளவில கீறுற படத்துக்கு 'எப்யூர்'.

லியோன் ஊர்க் கொத்தனாரின்ர மகன் ஒருவர், பிலிபேர் டெ லோர்ம், 1567ல இந்தப் படங்களை முதன்முதலா அச்சில வெளியிட்டார். அதுவரை அது தொழிலாளிகள் தங்களுக்குள்ள வைச்சிருந்த அறிவு. 1640ல டெசார்க் எண்ட கணிதர், ஒரே பொது முறையில எல்லாக் கல்லையும் வெட்டலாம் எண்டு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் சொன்னது கணிதப்படி சரி. ஆனா குராபெல் எண்ட கல்வேலைக்காரர் கடுமையா எதிர்த்தார், பட்டறைகளும் ஏற்கேல்லை. எனக்கு ரெண்டு பேரின்ர நியாயமும் விளங்கும். எல்லாத்துக்கும் ஒரே சூத்திரம் அழகுதான். ஆனா கையில உளியோட நிக்கிறவனுக்கு இந்தக் கல்லுக்கு இந்தக் கோடு எண்டு தெரியவேணும்.

விடுமுறைக்கு ஒருக்கா தெற்கில ஆர்ல் நகரசபைக்குப் போனன். 1670களில கட்டினது. கீழ் மண்டபத்துக்கு மேல கல்லுக் கூரை, கிட்டத்தட்டத் தட்டை, நடுவில ஒரு தூணும் இல்லை. மனிசியும் பிள்ளையளும் வெளிய ஐஸ்கிறீம் குடிச்சு முடிச்சுத் திரும்பி வந்தும் நான் அண்ணாந்தபடி நிண்டன். கிட்டவா செயிண்ட் ஜில் எண்ட ஊரில 12ம் நூற்றாண்டுச் சுழல் படிக்கட்டு. படியோட சேர்ந்து மேல இருக்கிற வளைவுக்கூரையும் முறுகி ஏறுது. ஒரு கல்லிலயும் தட்டையான அடிமுகம் இல்லை. ஊர் ஊராப் போய் வேலை பழகின கல்தச்சர்மார் அதைப் பார்க்க வந்து சுவரில பேர் வெட்டிப்போட்டுப் போயிருக்கினம்.

நல்லூர்ப்பக்கம்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. இண்டைக்குத் தாளில கீறிப் பார்த்தன், வந்தது. கோட்டையிலயும் இப்படி நுணுக்கமா வெட்டின கல்லுத்தானோ?

மூலைமட்டம்

கோட்டையின் பெருவேலை அப்படியல்ல. போர்த்துக்கீசரிடமிருந்து 1658ல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாகத் திரும்பக் கட்டி, உள் ஐங்கோணத்தை 1680ல் முடித்தார்கள். வெளிவேலை 1792 வரை இழுத்தது. பொருள் முருகைக்கல்லும் அதையே சுட்டெடுத்த சுண்ணாம்பும். அந்தக் கல் துளை நிறைந்தது, பிரெஞ்சுச் சுண்ணக்கல்போல் மயிரிழை மூட்டுக்குச் சரிவராது. ஆகவே நுணுக்கத்தில் பாதி கல்லை விட்டு மரத்துக்குப் போகிறது. சென்ரறிங் பலகையின் வளைவு சரியாக இருந்தால், கல்லின் குறையைச் சாந்து நிரப்பும். ஆனால் கோடு நடுவுக்குப் போகவேண்டும் என்ற விதிக்கு மட்டும் சாந்து பதில் அல்ல. தடித்த சாந்தில் சரிந்து நிற்கும் கல், சாந்து காயும்போது வழுக்கும்.

கோட்டைக்குள் 1706ல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. நான் மாணவனாக இருந்த காலத்தில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். 1990 சண்டையோடு அது கற்குவியலானது. அதன் அளவுகளை ஒரு கொப்பியில் எடுத்து வைக்காமல் போனேனே என்று இன்றைக்கும் நெஞ்சு அடிக்கும். பிள்ளை, உங்கள் மற்ற இரண்டு ஆர்ச்சையும் நிற்கும்போதே அளந்து எழுதி வையுங்கள்.

சுதுமலையான்

எங்கட கோயில்களில ஏன் இந்த ஆர்ச் இல்லை? தஞ்சைக் கோபுரம் அவ்வளவு உயரம் போகுது. தெரியாமலோ விட்டவை?

தீவான்

கோயில்ல கல்லைக் கல்லுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு நீட்டி அடுக்கிறது. ஒவ்வொரு கல்லும் படுத்தபடி, பாரம் நேர கீழ. பக்க உதை இல்லையெண்டதால தோள் குடுக்கச் சுவரும் வேண்டாம். கருங்கல்லு உத்திரமாவும் நிண்டு பிடிக்கும், எங்கட முருகைக்கல்லால எட்டடி உத்திரம் போட்டால் அண்டைக்கே முறியும். கல்லு எதுக்கு இசையுதோ அதுக்கேற்ற வடிவம்.

காரைக்காற்று

ஏழு கிழமைக்குப் பிறகு வாறன். செய்ததைச் சொல்லிப்போட்டுப் போறன்.

முதல் தூண். அறை இருந்த இடத்தில, பழைய அத்திவாரத்துக்கு மேலயே, மூண்டரை அடி நீளத்துக்கு உதைசுவர் ஒண்டு கட்டினம், தூணோட கல்லுக் கடிச்சுப் பின்னி. மாமாவின்ர வாகனம் இப்ப வேப்பமரத்தடியில நிக்குது.

பேந்து விறாந்தைத் தரையில முழு அளவில கீறினம். ஆணி, கயிறு, கரித்துண்டு. 15 பிரிவையும் பிரிச்சு முடிக்க ஒரு பின்னேரம் போச்சு. அதுக்கு மேல கல்லுகளைப் படுக்க வைச்சுப் பார்க்க, 11ல ரெண்டு கல்லு கோட்டுக்கு வெளியால நிண்டது. அதுகள் நடு ஆர்ச்சில இருந்து எப்பவோ மாறி வந்த கல்லாம், மேசன் கண்டுபிடிச்சார். லிண்டல் போடச் சொன்ன அதே மேசன்தான். தரையில கீறினதைப் பார்த்த உடன அவர் ஆளே மாறிப்போனார், தகப்பன் இப்படிக் கீறினதைச் சின்ன வயசில கண்டவராம். ரெண்டையும் செதுக்கித் திருத்தினார், நாலு புதுக்கல்லும் பூசணிக்குக் கீழ இருந்து எடுத்து வெட்டினார்.

சென்ரறிங்குக்குப் பலகையில ரெண்டு வில்லு வெட்டி, குறுக்க பனஞ்சலாகை அடிச்சம். ரெண்டு காலிலயும் இருந்து சோடி சோடியா ஏறி, கடைசியா நடுக்கல்லு. மூண்டு கிழமைக்குப் பிறகு முட்டுக்குக் கீழ இருந்த ஆப்புகளை ஒவ்வொண்டாத் தட்டி இளக்கினம். உச்சி ஒண்டரை நூல் இறங்கினது, அவ்வளவுதான். இறங்கேக்க ஒரு சின்னச் சத்தம், மரம் முனகின மாதிரி. அம்மா முற்றத்தில நிண்டு கையெடுத்துக் கும்பிட்டா.

மற்ற ரெண்டு ஆர்ச்சையும் அளந்து எழுதிப்போட்டன் ஐயா. நடு ஆர்ச்சில 17 கல்லு இருக்கு, ஒண்டும் ஒரே அகலமில்லை. தீவான் அண்ணை சொன்னதுதான்.

உளிமுனை

ஒண்டரை நூல் நல்ல இறக்கம், சுண்ணாம்பு இறுகி முடிய இன்னும் கொஞ்சம் இறங்கலாம், பயப்படாதேங்கோ. உச்சியில மூட்டுக்குக் குறுக்க மெல்லிய சுண்ணாம்புப் பட்டை ஒண்டு பூசித் திகதி எழுதி விடுங்கோ. அது வெடிச்சால் உடன எழுதுங்கோ.

தீவான்

தங்கச்சி, அந்த மரவில்லு ரெண்டையும் விறகுக்குக் குடுத்துப்போடாதேங்கோ. வேலணையில ஒரு வீட்டில எட்டடி ஆர்ச் ஒண்டு இதே நிலையில நிக்குது. வாற கிழமை மேசனோட கதைச்சுப்போட்டு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில வந்து ஏத்துறன்.

காரைக்காற்று

வாங்கோ அண்ணை. பின்விறாந்தையில சாத்தி வைச்சிருக்கு. அச்சுப்பலகையும் இருக்கு, அதையும் கொண்டு போங்கோ. அதில ஒடுங்கின பக்கம் எதெண்டு கரியால குறிச்சிருக்கிறன்.